பம்பைக்காரருக்கு வட்டி எங்கே?

திருப்பதிக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆச்சு. இங்கிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவுக்குப் போன ஞாயிறு கூட்டம் போட்டோம். ஒருத்தர் எழுந்து, "சார்கிட்டதான் அந்தப் பெட்டி இருக்கே, மேளத்துக்கு எதுக்குத் தண்டச் செலவு?" என்றார். கைதட்டல் வேறு. எனக்குச் சுருக்கென்றது.

பெட்டி என்றது என் அகாய் எம்.பி.சி. 2000 எக்ஸ்.எல். ஒலியைப் பதிந்து, வெட்டி, பதினாறு ரப்பர் பட்டைகளில் உட்கார வைத்து விரலால் தட்டுகிற பழைய சாம்ப்ளர். சித்தூரில் மெல்லிசைக் குழுவைக் கலைத்துவிட்ட ஒருவரிடம் வாங்கினேன். (என்ன விலை என்று வீட்டில் சொன்னது வேறு, கொடுத்தது வேறு. ஹி..ஹி..)

பி.காம். புத்தி, முதலில் கணக்குத்தான் போட்டேன். சிடி தரத்தில் ஒரு விநாடி மோனோ ஒலிக்கு 88,200 பைட். ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பிக்குப் பதினாறு விநாடி சொச்சம்.

சித்தூர்ப் பக்கம் பம்பை வாசிக்கும் ஒரு பெரியவரை அழைத்து வந்து பதிந்தேன். அளவை ஏற்றினால் சத்தம் உடைகிறது, இறக்கினால் மின்விசிறி கேட்கிறது. அடிக்கு முன்னால் துளி மௌனம் விட்டால் பட்டையைத் தட்டிய பிறகு தாமதமாக வருகிறது. ஒட்ட வெட்டினால் குச்சி தோலில் படும் அந்த முதல் சத்தமே போச்சு. ஒரு ராத்திரி கரண்ட் போக, ஃபிளாப்பியில் சேமிக்காததெல்லாம் காலி. மூன்று மாசம் மல்லுக்கட்டி ஒரு தாளம் கட்டினேன். பெரியவர் கேட்டுவிட்டு, "சார், இது எங்கயும் மூச்சு விடலியே" என்றார். உண்மைதான். அவர் ஒரே மாதிரி இரண்டு அடி அடிப்பதில்லை, என் பெட்டிக்கு அது மட்டும்தான் தெரியும்.

அவருக்கு நான் கொடுத்தது ஐந்நூறு ரூபாய். அந்த ஒலியை அதற்குப் பிறகு மூன்று விழாக்களில் வாசித்தேன். நாலாவது பைசா கிடையாது. டெபாசிட்டை வாங்கிக்கொண்டு வட்டி தராத வங்கியை நீங்கள் சும்மா விடுவீர்களா?

இது சித்தூர்க் கதை மட்டுமில்லை. 1969-ல் அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரிகரி கோல்மன் தனியாக டிரம்ஸ் அடித்தது ஆறேழு விநாடி. சாம்ப்ளர்கள் அதை ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டின. கோல்மன் 2006-ல் வறுமையில் செத்தார், ராயல்டி என்று ஒரு காசு பார்க்கவில்லை. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் வசூல் பண்ணி 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அதுகூடச் சட்டம் வாங்கித் தந்ததில்லை, மனசாட்சி உறுத்திக் கொடுத்தது.

நம் நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு, நிகழ்ச்சியை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் நிகழ்த்திய கலைஞருக்கும் ராயல்டி உண்டு. நம் பொங்கல் வணிகமில்லையே என்று தப்பிக்கலாம். சரி. ஆனால் பந்தலுக்கும் கேட்டரிங்குக்கும் பேரம் பேசாமல் கொடுக்கிறோம், மேளம் என்றதும்தான் சிக்கனம் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளுக்கு நம்மூர்க் கலையைக் காட்டத்தானே விழா எடுக்கிறோம், அங்கே என்னையும் ரப்பர் பட்டையையுமா காட்டுவது?

பெட்டியைக் கொண்டுவர மாட்டேன் என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டேன். பெரியவருக்கு அந்த மூன்று விழாக் கணக்கை இந்த மாதச் சம்பளத்தில் தீர்க்கிறேன். மேளத்துக்கு இன்னும் முடிவாகவில்லை. அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது, வேண்டுபவர்கள் கேளுங்கள்.