டோட்டா பாட்டும் சினிமா பிஜிஎம்மும்

ஸ்வீடன்ல ஜோனாஸ் ஆல்ட்பெர்க்னு ஒருத்தர். பாஸ்ஹன்டர்னு சொன்னா உங்கள்ல சிலருக்குச் சட்டுனு புரியும். 2006ல டோட்டா விளையாட்டை வச்சு ஒரு எலக்ட்ரானிக் பாட்டு போட்டார். தலைப்பைத் தமிழ்ல சொன்னா, 'வென்ட்ரிலோல உட்கார்ந்து டோட்டா ஆடுறோம்'. அம்புட்டுதான் :-) வென்ட்ரிலோங்கிறது அந்தக் காலத்துல ஆடுறவங்க ஹெட்போன் மாட்டிக்கிட்டு தங்களுக்குள்ள பேசிக்க வச்சிருந்த மென்பொருள்.

ஆடாதவங்களுக்காக ரெண்டு வரி. 2002ல வந்த வார்கிராஃப்ட் 3க்கு உள்ளே, ரசிகர்களே உருவாக்கின ஆட்டம்தான் டோட்டா. இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர். மந்திரவாதி, பூதம், எலும்புக்கூடுன்னு ஆளுக்கொரு வேஷம். எதிரியோட கோட்டையை உடைச்சா ஜெயிச்சாச்சு.

இதுக்குப் பாட்டு போடச் சொன்னா நம்மாளுங்க என்ன செய்வாங்க? முரசு, நூறு பேர் கோரஸ், நடுவுல புரியாத மொழியில ஒரு முழக்கம். பாஸ்ஹன்டர் இது எதையும் தொடல. நேரா நாலு அடி, மேல சின்தசைசர். மெட்டுகூட 'டாடி டிஜே'ங்கிற பிரெஞ்சு பாட்டோடது. வரிகள் பூராவும் ஆடுற பசங்களோட பேச்சு. கிரீப்ங்கிற ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்வீடிஷ் விகுதி ஒட்டி வினைச்சொல்லாவே ஆக்கியிருக்கார், நாம 'ஃபார்ம் பண்றேன்'னு சொல்ற மாதிரி. சுமார் ஒரு கோடிப் பேர் பேசுற மொழி. அந்த மொழியில, அந்த விளையாட்டு தெரிஞ்சவனுக்கு மட்டுமே முழுசா புரியற பாட்டு, ஐரோப்பா பூரா ஓடுச்சு.

நம்ம பக்கம் 2022ல மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் 'வணக்கம் சென்னை' போட்டார். நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடிச்சு எடுத்த வீடியோ. பார்க்க அழகு, ஊருக்கும் பெருமை. ஆனா குதிரையைப் பறிகொடுத்துட்டு முழிக்கிறவனோட வயித்தெரிச்சல் அதுல எங்கே? அரசு வரவேற்புப் பாட்டுல அதைக் கேக்கறது என் தப்புதான்னு சொல்வீங்க. சரி, விடுங்க.

வீட்டுல உட்கார்ந்து இசை பண்றவங்களும் அதே பிரம்மாண்டத்தைத் துரத்தறாங்களே, அதுதான் எனக்குப் பொறுக்கல. எங்க வானகரத்துல, பைபாஸ் ஓரமா குடியிருக்கிற ஒரு தம்பி, காலேஜ் ரெண்டாம் வருஷம். எஃப்எல் ஸ்டுடியோல டோட்டா 2க்கு ஒரு டிராக் செஞ்சிருந்தான். பாஸ்ஹன்டர் வேலை செஞ்சதும் அதே மென்பொருள்லதான். ஆரம்பத்துல அதுக்கு ஃப்ரூட்டி லூப்ஸ்னு பேரு. டிராக்ல அவன் கூட்டாளிங்க குரல், 'டேய் முன்னாடி போகாதடா, செத்துருவ!' அதை வெட்டி வெட்டி தாளமாவே அடுக்கியிருந்தான். பின்னணியில லாரி ஹாரன் வேற. நான் மூணு தடவை கேட்டேன்.

போன வாரம் புது வடிவம் அனுப்பினான். குரலும் இல்ல, ஹாரனும் இல்ல. அந்த இடத்துல எங்கேயோ இறக்கின கோரஸ். ஏதோ படத்து டிரெய்லர் மாதிரி இருக்கு. கேட்டா, "அண்ணே, அது லோக்கலா இருக்குன்னு ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறானுங்க"ன்றான்.

பழைய ஃபைலை அழிச்சிடாதடான்னு சொல்லி வச்சிருக்கேன். கூடவே ஸ்வீடன்காரர் பாட்டையும் அனுப்பிட்டேன். இன்னும் கேட்டானான்னு தெரியல.