இல்லச் செவிலியமும் எழுத்துத் திட்டமும்

நோய் தீர்க்கும் பொறுப்பு முழுவதையும் மருத்துவர் ஒருவரிடமே ஒப்படைத்துவிட்டு அமைதி கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வள்ளுவப் பெருந்தகையோ 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயாளர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பணிபுரிபவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்காக வகுத்தார். அந்த நான்காம் கூறே இன்று நம் இல்லங்களில் போதிய கவனம் பெறாமல் இருக்கிறது.

பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெருநகரங்களிலும் பொருளீட்ட, பெற்றோர் ஊரில் முதுமையோடு தனித்திருக்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதை எட்டியவராய் இருந்தனர். பக்கவாதத்தால் படுத்தவர்க்கும், அறுவை முடிந்து இல்லம் திரும்பியவர்க்கும் நிறுவனங்களின் வழியே செவிலியரை அமர்த்தும் வழக்கம் பெருகியுள்ளது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும், வருபவர் எதை, எப்போது, எவ்வாறு செய்தல் வேண்டும் என்பது பல வீடுகளில் எழுத்தில் இருப்பதில்லை, வாய்மொழியாகவே நடைபெறுகிறது. இதுவே நம் கவலை.

பகலில் ஒருவர், இரவில் ஒருவர் எனச் செவிலியர் மாறுகின்றனர். சற்று முன்னர்ப் போடப்பட்ட இன்சுலினை அறியாது மீண்டும் போட்டுவிட்டால், இரத்தச் சர்க்கரை பெரிதும் சரிந்து உயிருக்கே ஊறு நேரலாம். அசைய இயலாதவரை உரிய இடைவெளியில், பொதுவாக இரண்டு மணிக்கொரு முறை, புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் தோன்றும். மூக்குக்குழாய் வழியே உணவூட்டும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தாவிடில் உணவு நுரையீரலுள் புகக்கூடும். ஒருவர் அறிந்தது அடுத்தவரைச் சென்றடையாமையால் விளையும் கேடுகள் இவை. அன்பு மிகுந்த இல்லத்திலும் இவை நேரக்கூடும்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் செவிலியம் குறித்து எழுதிய சிறுநூல், இல்லங்களில் பிறர் உடல்நலம் பேணும் பெண்களை எண்ணியே எழுதப்பட்டது. தாம் அருகில் இல்லாத வேளையிலும் ஆக வேண்டியவை தவறாது நடைபெற வழிசெய்வதை அவர் அந்நூலில் பெரிதும் வலியுறுத்தினார். அமெரிக்காவில் மெடிகேர் திட்டத்தின்கீழ் இல்லச் சேவை புரியும் நிறுவனங்கள், ஒவ்வொரு நோயாளருக்கும் தனித் திட்டம் எழுதி, 60 நாட்களுக்கு ஒரு முறையேனும் மருத்துவரோ உரிய தகுதி பெற்றவரோ அதனை மறுஆய்வு செய்யச் செய்தல் வேண்டும் என்பது விதி.

நம் இல்லங்களுக்கும் இத்தகைய ஏடு ஒன்று வேண்டும். நோயாளரின் நிலை, ஒவ்வாத மருந்துகள், மருந்தின் அளவும் வேளையும், உணவு, உடற்பயிற்சி, எட்ட வேண்டிய இலக்கு, எந்த அறிகுறி கண்டால் யாரை அழைப்பது ஆகியவை அதில் இடம்பெறல் வேண்டும். ஒவ்வொரு பணியும் முடிந்தவுடன் நேரம் குறித்துக் கையொப்பம் இடப்படல் வேண்டும். ஊசி போடுதல் போன்றவற்றைப் பயின்று பதிவு பெற்ற செவிலியர் மட்டுமே செய்யலாம். உதவியாளர் செய்யத்தக்கவை எவை என்பதும் அதில் தெளிவாதல் வேண்டும். நோயாளரின் விருப்பத்தையும் கேட்டெழுதுதல் இன்றியமையாதது. அவர் உடலைப் பற்றிய திட்டத்தில் அவர் குரல் ஒலிக்காதிருத்தல் முறையன்று.

இனி, தமிழ்த்துறையின் மலரில் இதனை ஏன் எழுதுகிறோம் என வினவலாம். மருத்துவமனை தரும் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. முதிய தாய்க்கும் உதவியாளர்க்கும் விளங்காத ஏட்டினால் யாது பயன்? செவிலியர் துணையோடு எளிய தமிழில் ஒரு மாதிரிப் படிவத்தை நம் மாணவர் ஆக்கித் தரலாம். ஊர்ப் பெரியவர்கள் அதனை அச்சிட்டு இல்லந்தோறும் வழங்கலாம். செவிலியரை அமர்த்துமுன் "திட்ட ஏடு எங்கே?" எனக் கேட்கும் வழக்கம் வேரூன்றட்டும். நோயுற்றோர் தலைமாட்டில் காவல் நிற்கும் மொழியாகவும் நம் தமிழ் விளங்கட்டும்.