பூனைகளுக்கும் வாரத்தில் ஒரு நாள் வேண்டும்

ஜோலார்பேட்டை நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

தெருநாய்களைப் பற்றித் தங்கள் மேசைக்கு வரும் மனுக்களுக்குக் குறைவிருக்காது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு, எல்லா உள்ளாட்சிகளின் கவனமும் அந்தப் பக்கமே இருக்கிறது. நாங்கள் எழுதுவது பூனைகளுக்காக. நாய்களுக்கென்று செய்யப்போகும் கருத்தடை ஏற்பாட்டில் பூனைகளையும் இப்போதே சேர்த்துவிடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

நம்முடையது ஜங்ஷன் ஊர். இரவு பகல் பாராமல் வண்டி வரும், சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும். சந்தைக்கோடியூர்ப் பக்கம் கறிக்கடைக் கழிவு, ரயில்வே குடியிருப்பில் காலி வீடுகள். பூனை பெருக வேறென்ன வேண்டும்? பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 65 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினைப்படும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு பூனைக்கு எட்டுக் குட்டிகள். அவற்றில் பெரும்பாலானவை ஆறு மாதம் தாண்டுவதில்லை. வயிற்றுப்போக்கு, வண்டிச் சக்கரம், நாய், பசி என்று ஏதோ ஒன்றில் போய்விடுகின்றன. வாசலில் குட்டி செத்துக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பலர் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலோ ஏலகிரி அடிவாரத்திலோ விட்டுவிட்டு வருகிறார்கள். கண் திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து அங்கே விடுவதும் கொல்வதும் ஒன்றுதான்.

பெரிய பூனைகளைப் பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விட்டாலும் பயனில்லை. தீனியும் மறைவிடமும் அப்படியே இருக்கும்வரை, காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெருப் பூனை வந்து சேரும். கருத்தடை செய்த பூனையை அதன் இடத்திலேயே திரும்ப விட்டால், அந்தத் தெருவில் தொகை ஏறாமல் நிற்கும், பிறகு மெல்லக் குறையும். இரவில் கத்துவதும் கடுவன்கள் சண்டையிடுவதும் மூலைக்கு மூலை மூத்திரம் பீய்ச்சுவதும் பெருமளவு அடங்கும். பூனைகளால் தங்களுக்கு வரும் புகார்களில் பாதி இவற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இந்த வழி நமக்குப் புதிதன்று. சென்னை மாநகராட்சி 1860 முதல் தெருநாய்களைக் கொன்றுவந்தது. 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964இலேயே கொல்வதை நிறுத்திக் கருத்தடை செய்யுங்கள் என்று சொல்லிச் செய்தும் காட்டியது. மாநகராட்சி அதை ஏற்றது 1996இல். இடைப்பட்ட காலத்தில் கொல்லப்பட்ட நாய்கள் அவ்வளவு பெருகியதால், 1970களில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாய்த்தோலில் டையும் பர்ஸும் வடிவமைத்தது என்று புளூ கிராஸ் தன் வரலாற்றில் குறித்திருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் சூழ்ந்த, தோலில் பிழைக்கும் இந்த வட்டாரத்துக்கு அந்தச் செய்தியின் கனம் புரியும். நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. 2019 ஜூலையில் சென்னை தாகத்தில் தவித்தபோது நம் ஊர் ரயிலேற்றித் தண்ணீர் அனுப்பியது. பதிலுக்கு, சென்னை 32 ஆண்டுகள் தாமதித்துக் கற்ற பாடத்தை நாம் உடனே எடுத்துக்கொள்ளலாம்.

மும்பை மாநகராட்சி 2019 முதல் தெருப்பூனைகளுக்கும் கருத்தடை செய்துவருகிறது. சிங்கப்பூர் தன் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க இருந்த நெடுநாள் தடையை 2024 செப்டம்பரில் நீக்கியபோது, வசதி குறைந்த குடும்பங்களின் பூனைகளுக்குக் கருத்தடைச் செலவை அரசே ஏற்கும் திட்டத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. நம் நாட்டிலும் 2001ஆம் ஆண்டு விதிகளின் தலைப்பில் இருந்த ‘நாய்கள்’ என்ற சொல் 2023இன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில் இல்லை. தீனி வைப்பது பற்றிய பிரிவு சமூக விலங்குகள் என்று பேசுகிறது. தீனி வைக்க இடம் குறித்துக் கொடுக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திடமும் உள்ளாட்சியிடமும் அது ஒப்படைத்திருக்கிறது.

நாய்க்கடிக்கே ஊசி போட்டு மாளவில்லை, இதில் பூனையா என்று நகர்மன்றத்தில் யாரேனும் கேட்கக்கூடும். வெறிநோய் கண்ட நாய் பூனையைக் கடித்தால், அந்தப் பூனை வழியாகவும் நோய் மனிதருக்கு வரும். பூனை கடித்தாலும், ரத்தம் வரக் கீறினாலும் அதே ஊசிதான். கருத்தடை மேசையில் மயங்கிக் கிடக்கும் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசியையும் அப்போதே போட்டுவிடலாம்.

நாயைப் பிடிக்க வண்டியும் வலையும் பழகிய ஆட்களும் வேண்டும். பூனைக்கு அவ்வளவு தேவையில்லை. எந்த வீட்டு மாடிப்படிக்கடியில் எந்தப் பூனை ஈன்றிருக்கிறது, எது சினை, எது பால் கொடுக்கிறது என்பதெல்லாம் தினமும் சோறு வைக்கும் பெண்களுக்குத் தெரியும். கருவாட்டுத் துண்டு வைத்த ஒரு கூண்டும், பிடிபட்டதும் மேலே போர்த்த ஒரு துணியும் அவர்கள் கைக்குக் கிடைத்தால் போதும். இன்றோ அவர்களுக்குக் கிடைப்பது அக்கம்பக்கத்தாரின் ஏச்சு. சோறு வைப்பதால்தான் பெருகுகிறது என்கிறார்கள். அந்தப் பெண்களை நகராட்சி தன் பக்கம் சேர்த்து, ஓர் அடையாள அட்டை கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்குத்தான் தங்கள் கையெழுத்து வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநரிடம் பேசி, வாரத்தில் ஒரு நாளைப் பூனைக் கருத்தடைக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். பெட்டைகளை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அறுவை முடிந்தபின் ஓரிரு நாள் வைத்துப் பார்க்க ஓர் அறை தேவை. ஒருமுறை அறுவை செய்த பூனையை மறுபடி பிடிக்காமலிருக்க, உலகெங்கும் செய்வதுபோல மயக்கத்திலேயே காது நுனியைச் சிறிது வெட்டிவிடட்டும். ரயில்வே நிலத்தில் தங்கள் அதிகாரம் செல்லாது, பூனைகளுக்கோ அந்த எல்லை தெரியாது. ஆகவே ரயில்வே நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்.

செலவுக்கு நகராட்சி மட்டும் தோள் கொடுக்க வேண்டியதில்லை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானாள் என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்களும், வள்ளலார் பெயரால் அன்னதானம் செய்பவர்களும் வாழும் வட்டாரம் இது. தோல் தொழிற்சாலை உரிமையாளர்களிடமும் வணிகர்களிடமும் நகராட்சி முறைப்படி கேட்டால் கொடுப்பார்கள் என்று நம்புகிறோம்.

அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேருங்கள். எந்தக் கிழமை, ஒரு நாளைக்கு எத்தனை பூனை என்று அறிவித்தால், தெருத்தெருவாகச் சோறு வைப்பவர்களைத் திரட்டிப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு