உணவுப் பட்டியலே பல் சிகிச்சைக்கும் வழி

மலேசியாவில் 1979 முதல் நடக்கும் ஆர்.எம்.டி. என்ற துணை உணவுத் திட்டம், வறிய பிள்ளைகள் யார் என்பதைப் பள்ளிக்குத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. சுங்கை சிப்புட் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் அதே பெயர்ப்பட்டியலைப் பல் சிகிச்சைக்கும் பயன்படுத்த வேண்டும். பள்ளிக்கே பல் மருத்துவக் குழு இலவசமாக வருகிறதே என்பார்கள். உண்மைதான், 1949-இலேயே பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கிய நாடு இது. ஆனால், கடைவாய்ப்பல் சொத்தையான பிள்ளை குழு வரும்வரை ஒரு பக்கமாகவே மெல்லும். தட்டில் வைத்த கோழித்துண்டை ஒதுக்கிவிடும். கொடுத்த சத்துணவு உடம்பில் சேராது. நாள்கூலிப் பெற்றோருக்கோ, கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. ஆசிரியருக்குக் கூடுதல் சுமை என்ற மறுப்பு நியாயமானது. அதனால், பெற்றோர் சம்மதத்தோடு பட்டியல் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு நேராகப் போகட்டும். முன்பதிவும் வேனும் கிளினிக்கின் பொறுப்பு. பல்லைச் சொத்தையாக்கும் இனிப்புப் பானங்களுக்கு 2019-இல் வரி போட்ட அரசாங்கம், இந்தப் பிள்ளைகளின் தட்டருகே அவற்றை அனுமதிக்கவும் கூடாது.