நாக்கு மீனும் பிடிப்பு வரம்பும்

காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து ஆவடி, பூவிருந்தவல்லிச் சந்தைகளுக்கு வரும் கடல் மீன்களுள் நாக்கு மீனும் ஒன்று. தட்டையான இம்மீன் கடலடிச் சேற்றிலும் மணலிலும் படிந்து வாழ்வதால், இழுவை மடியில் குஞ்சுகளுடன் எளிதில் அகப்படுகிறது.

அமெரிக்காவும் கனடாவும் ஹாலிபட் என்னும் பெரிய தட்டை மீனைக் காக்க 1923-ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்து, குளிர்காலத்தில் அதனைப் பிடித்தலை நிறுத்தின. அந்த ஓய்வு மட்டும் போதாதெனக் கண்டு, பின்னர்ப் பகுதிதோறும் பிடிப்பின் எடைக்கும் வரம்பு வகுத்தன.

தமிழ்நாட்டில் 2001 முதல் 45 நாட்களாயிருந்த தடைக்காலம் 2017-இல் 61 நாட்களாயிற்று. இது நன்றே, ஆயினும் ஜூன் 14 கழிந்தபின் குஞ்சுகளைக் காப்பது யாது? பல இன மீன்கள் ஒரே மடியில் ஏறும் இக்கடலில் ஓரினத்துக்கு எடை வரம்பு விதித்தல் எளிதன்று. மடியின் கண்ணைப் பெரிதாக்குதலும், குறைந்தபட்ச நீளம் வகுத்தலுமே ஏற்றவை. கேரளம் மாந்தள் என்னும் நாக்கு மீனுக்கு 9 செ.மீ. என வகுத்துள்ளது.

எனினும் மடியில் இறந்த குஞ்சைக் கடலில் எறிவதால் பயனில்லை. அதனை வாங்குவோர் இல்லாதிருத்தல் வேண்டும். அக்குஞ்சுகள் உலர்ந்து, எருவாகவும் கோழித் தீவனமாகவும் உழவரிடமே வருகின்றன. விதை நெல்லைக் குத்தித் தின்னாத குடியானவர், கடலின் விதையை மலிவென்று வாங்குதல் முறையாகுமா? கிராம அதிகாரிகள் இதனை ஊரார்க்கு எடுத்துரைத்தல் நலம்.