'சார்' என்று கூப்பிட்டால் மரியாதை ஆகிவிடுமா?

ரக்பி ரசிகர்கள் கனவான்கள், கேலிக் ஆட்டங்களின் ரசிகர்கள் காட்டான்கள். அயர்லாந்தில் மகள் வீட்டுக்கு வந்து தங்கும்போதெல்லாம் இந்தப் பாட்டைக் கேட்கிறேன். இந்த முறை பாடியவர் என் மாப்பிள்ளையே. லிமெரிக் ஊருக்கு வந்து எட்டு வருடமாகிறது, மன்ஸ்டர் ரக்பி அணியின் சிவப்புச் சட்டையும் வாங்கிவிட்டார். "மாமா, ரக்பியில ரெஃப்ரியை சார்னுதான் கூப்பிடுவாங்க. இந்தக் கேலிக் ஆட்டத்துல ரெஃப்ரி கார்ல ஏறிப் போற வரைக்கும் திட்டுவாங்க" என்றார். சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையிடம் வாதம் பண்ணக்கூடாது என்பது என் மனைவியின் நிரந்தர உத்தரவு. அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் நண்பர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். கேலிக் என்றதும் கேலி, கிண்டல் என்று நினைத்துவிட வேண்டாம். அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களுக்கு அந்தப் பெயர். கேலிக் கால்பந்தில் பந்தைக் கையாலும் ஆடலாம், காலாலும் ஆடலாம். ஹர்லிங் என்பது நுனி அகன்ற மர மட்டையால் சின்னத் தோல் பந்தை அடிக்கும் ஆட்டம். பந்து போகும் வேகத்தில் என் கண்ணுக்குப் பாதி நேரம் அது தெரிவதே இல்லை. இரண்டையும் நடத்துவது ஜி.ஏ.ஏ. என்கிற சங்கம். 1884-ல் தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஊர் கிளப், கவுன்டிக்கு ஓர் அணி. ஆடுகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கோ வங்கிக்கோ வேலைக்குப் போயாக வேண்டும். ரக்பி 1995 முதல் தொழில்முறை ஆட்டம். அயர்லாந்தில் நான்கு மாகாண அணிகள், அவற்றுக்கு மேலே தேசிய அணி.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஓயாத சண்டை இரண்டு. எது மக்களின் ஆட்டம் என்பது ஒன்று. யாருடைய ரசிகர்கள் நடுவரை மதிக்கிறார்கள் என்பது மற்றொன்று.

முதல் சண்டை கணக்கு வாத்தியாரான எனக்குத் தலைவலி தருவது. ஜி.ஏ.ஏ. ரசிகர் டப்ளினில் இருக்கும் குரோக் பார்க்கைக் காட்டுவார்: 82,300 பேர் கொள்ளும், அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் அலைவார்கள், உங்கள் அவிவா மைதானத்தில் 51,700 பேர்தானே? ரக்பி ரசிகர் உடனே உலகப்படத்தை விரிப்பார்: உங்கள் ஆட்டத்தை வேறு எந்த நாடு ஆடுகிறது? நாங்கள் 2016-ல் சிகாகோவில் நியூசிலாந்தையே 40-29 என்று வீழ்த்தினோம். உலகக் கோப்பையில் கால் இறுதியை ஒரு தடவையாவது தாண்டினீர்களா என்று ஜி.ஏ.ஏ. ரசிகர் திருப்பிக் கேட்பார். ஒருவர் கிலோவில் சொல்கிறார், இன்னொருவர் மீட்டரில் சொல்கிறார். எது பெரிது என்று நான் எப்படித் தீர்ப்புச் சொல்ல?

உண்மையில் இவர்கள் எண்ணுவது ஒரே தலைகளைத்தான். 2009 மே 2 அன்று மன்ஸ்டரும் லென்ஸ்டரும் மோதிய ஐரோப்பிய ரக்பி அரையிறுதி நடந்தது எங்கே தெரியுமா? குரோக் பார்க்கில். வந்தவர்கள் 82,208 பேர். கிளப் ரக்பிக்கு அன்றைக்கு அது உலக சாதனை. அந்த 82,208 பேரில் எத்தனை பேர் அதே கோடையில் அதே மைதானத்தில் தங்கள் கவுன்டிக்காகவும் கத்தியிருப்பார்கள்! ஆடியவர்களையே பாருங்கள். மன்ஸ்டரின் பழைய கேப்டன் மிக் கால்வே, 1986-ல் கெர்ரி அணியோடு அகில அயர்லாந்து கால்பந்துப் பதக்கம் வாங்கியவர். அயர்லாந்து ரக்பி அணியின் ராப் கியர்னி, இளம் வயதில் லவுத் கவுன்டிக்குக் கேலிக் கால்பந்து ஆடியவர். உயரே வரும் பந்தை அவர் தாவிப் பிடிக்கும் அழகு எங்கிருந்து வந்தது என்று ரக்பி ரசிகர்கள் யோசித்ததுண்டா? நான் தங்கியிருக்கும் லிமெரிக்கில் இந்தப் பிரிவினையே செல்லாது. டப்ளினில் ரக்பி என்றால் கட்டணப் பள்ளிகளின் ஆட்டம். இங்கே துறைமுகத் தொழிலாளியின் மகனும் ஆடிய ஆட்டம். அதே லிமெரிக் ஹர்லிங்கில் 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு முறை கோப்பையைத் தூக்கியது.

தொலைக்காட்சிக் கணக்கையும் நம்பாதீர்கள். ஆறு நாடுகள் ரக்பியை இங்கே எந்த வீட்டிலும் காசில்லாமல் பார்க்கலாம். ஜி.ஏ.ஏ. தன் ஆட்டங்களில் சிலவற்றைக் கட்டண இணைய ஒளிபரப்பில் அடைத்துவிட்டு, கூட்டம் குறைகிறதே என்று புலம்புகிறது. 2022 முதல் இறுதி ஆட்டங்களைச் செப்டம்பரிலிருந்து ஜூலைக்கு இழுத்துக்கொண்டது. காலியான செப்டம்பரில் ரக்பி உலகக் கோப்பை வந்து உட்கார்ந்தால் அது யார் குற்றம்?

சண்டைக்குப் பழைய காரணமும் உண்டு. அதை மறைக்கக்கூடாது. ஜி.ஏ.ஏ.வைத் தொடங்கிய மைக்கேல் கியூசாக் நம் இனம், அதாவது வாத்தியார். டப்ளினில் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். அவரே ரக்பி ஆடியவர். ஆனால் சங்கம் பிற்பாடு 'அந்நிய ஆட்டம்' ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் தடை போட்டது. 1938-ல் நாட்டின் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட் ஒரு சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கப் போனார் என்பதற்காக, அவரைப் புரவலர் பொறுப்பிலிருந்தே நீக்கினார்கள். மாஸ் கீன் என்கிற கெர்ரிக்காரர் தடைக்குப் பயந்து வேறு பெயரில் ரக்பி ஆட வேண்டியிருந்தது. 1971-ல்தான் தடை போனது. அந்தக் கசப்பு ரக்பி வீடுகளில் இன்னும் இருக்கிறது. மறுபக்கம், 1920 நவம்பர் 21 அன்று குரோக் பார்க்கில் ஆட்டம் நடக்கும்போதே பிரிட்டிஷ் படைகள் சுட்டு 14 பேர் இறந்தார்கள். அதே மண்ணில் 2007-ல் இங்கிலாந்து ரக்பி அணிக்கு இடம் கொடுத்து, அவர்கள் தேசிய கீதம் முடியும்வரை எழுந்து நின்றார்கள். அன்றைக்கு அயர்லாந்து 43-13 என்று ஜெயித்தது. அந்தப் பெருந்தன்மையைப் பெற்றுக்கொண்ட ரக்பி கூட்டம்தான் இன்று 'காட்டான்கள்' என்கிறது.

சரி, 'சார்' விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்து நான்கு வருடம் அந்தச் சொல்லால் கூப்பிடப்பட்டவன் நான். அதற்குள் எவ்வளவு மரியாதை இருக்கும், எவ்வளவு இருக்காது என்று எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே 'சார்', கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பட்டப்பெயர். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அது உலக வழக்கம்.

2023 மே 20. டப்ளின் அவிவா மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். லென்ஸ்டர் 17-0 என்று முன்னால் நின்று, கடைசியில் லா ரொஷெல் அணியிடம் 27-26 என்று தோற்றது. அயர்லாந்து தேசிய அணியின் கேப்டன் ஜானி செக்ஸ்டன் காயத்தால் அன்று ஆடவில்லை. ஆடாதவர், ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள் இறங்கி நடுவர் குழுவிடம் பாய்ந்தார். மூன்று ஆட்டங்களுக்குத் தடை விதித்தார்கள். ஏதோ மூலையில் நின்ற குடிகார ரசிகர் அல்ல, நாட்டின் கேப்டன்! தென்னாப்பிரிக்காவின் ராசி எராஸ்மஸ் 2021-ல் ஒரு நடுவரின் தவறுகளை அடுக்கி 62 நிமிட வீடியோவே எடுத்து, இரண்டு மாதத் தடை வாங்கினார். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் வீடியோ நடுவர் டாம் ஃபோலி, தனக்கும் குடும்பத்துக்கும் வந்த மிரட்டல்களால் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகினார். அதே ஆட்டத்தில் விசில் ஊதிய வெய்ன் பார்ன்ஸும் அத்தோடு ஓய்வு பெற்றார். அவர் குடும்பத்துக்கும் மிரட்டல் வந்தது. கனவான்களின் ஆட்டம்!

ஜி.ஏ.ஏ. நண்பர்கள் இதைப் படித்துக் கைதட்ட வேண்டாம். உங்கள் கணக்கும் என்னிடம் இருக்கிறது. 1998-ல் கிளேர், ஆஃபலி அணிகளின் ஹர்லிங் அரையிறுதியில் நடுவர் ஜிம்மி கூனி சுமார் இரண்டு நிமிடம் முன்னதாகவே விசில் ஊதிவிட்டார். ஆஃபலி ரசிகர்கள் மைதானத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டார்கள். அது நியாயமான போராட்டம், நானும் உட்கார்ந்திருப்பேன். மறு ஆட்டம் நடந்தது, ஆஃபலி ஜெயித்தது, கோப்பையையும் வென்றது. ஆனால் கைக்கடிகாரத்தைத் தவறாகப் பார்த்த ஒரு மனிதரின் வீட்டுக்குத் தொலைபேசியில் வசை பாடியது எந்தப் போராட்டம்? 2010-ல் 1957-க்குப் பிறகு லென்ஸ்டர் கால்பந்துக் கோப்பையைக் காணாத லவுத், கோப்பையைத் தொடும் நேரம். கூடுதல் நேரத்தில் மீத் அணிக்குத் தவறான கோல் கொடுக்கப்பட்டது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டைத் தாண்டியதை எல்லோரும் பார்த்தார்கள். மீத் மறு ஆட்டம் தரவில்லை. லவுத்துக்கு நடந்தது அநியாயம்தான். அதற்காக நடுவரைத் துரத்தித் தள்ளிய காட்சியை நாடே பார்த்தது. (2025-ல் லவுத் அதே மீத்தைத் தோற்கடித்து அந்தக் கோப்பையை வாங்கியது. 68 வருடம்!) 2022-ல் ரோஸ்காமன் கவுன்டியில் சிறார் ஆட்டம் ஒன்றில் நடுவர் தாக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போனார். கவுன்டி நிர்வாகம் ஆட்டங்களையே நிறுத்தி வைத்தது.

ஆகவே எந்தப் பக்கமும் சுத்தமில்லை. பிறகு ரக்பியில் ஏன் மைதானத்துக்குள் மட்டும் அமைதி தெரிகிறது? ஏற்பாடு. பெரிய ரக்பி ஆட்டத்தில் நடுவருக்கு இரண்டு துணை நடுவர்கள், மேலே வீடியோ பார்க்க ஒருவர், காதில் கருவி, சட்டையில் மைக். அவர் ஏன் அப்படித் தீர்ப்புச் சொன்னார் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் கேட்கிறது. கேப்டன் மட்டும்தான் பேசலாம். எதிர்த்துப் பேசினால் பத்து மீட்டர் பின்னால் போக வேண்டும். ஹர்லிங் நடுவரைப் பாருங்கள். 130 மீட்டருக்குக் குறையாத நீளம், 30 ஆட்டக்காரர்கள், கண்ணுக்குத் தெரியாத பந்து. பந்தைக் கையில் வைத்து நாலடிக்கு மேல் நடந்தானா என்று அடியையும் எண்ண வேண்டும். வீடியோ நடுவர் கிடையாது. கம்பத்துக்குள் பந்து போனதா என்று சொல்லும் ஹாக்-ஐ கருவியும் ஓரிரு பெரிய மைதானங்களில்தான். அதுவும் 2022 அரையிறுதியில் கால்வே அணியின் நல்ல பாயின்ட்டைத் தவறு என்று சொல்லி, இடைவேளையில் திருத்த வேண்டியதாயிற்று. உள்ளூர் ஆட்டமென்றால் கோல் கம்பத்தின் அருகே நிற்க நடுவரே தன் மச்சானையும் பக்கத்து வீட்டுக்காரரையும் காரில் ஏற்றி வர வேண்டும்.

என் பேரன் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஹர்லிங் ஆடுகிறான். சனிக்கிழமை விசில் ஊத வருகிறவர் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர். ஸ்கோரைச் சின்ன நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வார். போன மாதம் ஓர் அப்பா கோட்டோரம் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்த அப்பா போட்டிருந்தது மன்ஸ்டர் ரக்பி சட்டை. இதே லிமெரிக்கின் தோமண்ட் பார்க் மைதானத்தில் எதிரணிக்காரன் பெனால்டி உதைக்கும்போதும் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி இருக்கும். அது உலகப் புகழ் பெற்ற வழக்கம். அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அதே வாய்தான் இங்கே ஒரு கிழவரைத் திட்டியது. ஆட்டம் மாறியதும் ரத்தமா மாறிவிட்டது? கேட்க ஆளில்லை என்ற தைரியம், அவ்வளவுதான். அடுத்த வாரம் பெரியவர் வரவில்லை. பயிற்சியாளரே ஊதினார். எதிரணிப் பெற்றோர் அதற்கும் சண்டை போட்டார்கள்.

ஏற்பாட்டை மாற்றினால் நடத்தையும் மாறும் என்பதற்கு ஜி.ஏ.ஏ.வே சாட்சி. டப்ளின் அணியின் முன்னாள் மேலாளர் ஜிம் கேவின் தலைமையிலான குழு, 2025-ல் கேலிக் கால்பந்துக்குப் புது விதிகள் கொண்டுவந்தது. கேப்டன் மட்டும் பேசலாம். நடுவரோடு வாக்குவாதம் செய்தால், பந்தை எதிரணியிடம் உடனே கொடுக்காவிட்டால், ஃப்ரீ கிக் 50 மீட்டர் முன்னே போகும். ரக்பியின் பத்து மீட்டரைப் போல ஐந்து மடங்கு! ஒரே பருவத்தில் கைகளை விரித்துக்கொண்டு நடுவரைச் சூழும் கூட்டம் காணாமல் போயிற்று. பந்தை மரியாதையாகக் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்கள். காட்டான்கள் என்கிறீர்களே, ஐம்பது மீட்டரில் கனவான் ஆகிவிட்டார்களே?

ஹர்லிங்குக்கும் இதைக் கொண்டு வர வேண்டும் என்பேன். "அந்நிய ஆட்டத்தைக் காப்பியடிக்கிறோம்" என்று முனகும் பழைய ஜி.ஏ.ஏ. ஆட்களுக்கு, உங்களைத் தொடங்கி வைத்த வாத்தியாரே ரக்பி ஆடியவர் என்று நினைவுபடுத்துகிறேன். சிறார் ஆட்டத்தில் கோட்டோரம் திட்டும் பெற்றோருக்காகப் பிள்ளையின் அணி ஃப்ரீ கிக் கொடுக்க வேண்டும் என்றும் விதி போடலாம். அப்பா வாயைத் திறந்தால் மகனே திரும்பி முறைப்பான்.

ரக்பி அன்பர்கள் கீழே பதில் எழுத வரலாம். 'சார்' கதையை மட்டும் கொண்டு வராதீர்கள். 2023 மே 20 அன்று உங்கள் கேப்டன் நடுவரை எப்படிக் கூப்பிட்டார் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.