'பார்க்கலாமுங்க'வுக்கு இங்கிலீஷ்ல என்ன?

பீளமேட்டில், அவிநாசி ரோட்டை ஒட்டி ஒரு பேக்கரி. சாயங்காலம் ஆறு மணி. எதிரில் என் அக்கா பையன். டீயும் பப்ஸும் வந்து பத்து நிமிஷமாகிவிட்டது. இரண்டையும் அவன் தொடவில்லை.

"என்ன மாப்ள, மொகமே சரியில்ல?"

"லண்டன்காரர்கிட்டப் பேசவே பயமா இருக்குதுங் மாமா. நான் வாயைத் தொறந்தாலே தப்பாப் போயிருது."

பையன் அன்னூர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன். இன்ஜினீயரிங் முடித்து, இங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

முதல் மீட்டிங்கில் லண்டன் வாடிக்கையாளர் ஒரு திட்டத்தை விளக்கியிருக்கிறார். எந்தத் தேதியில் ஆரம்பிப்பது என்று கேட்க நினைத்த இவன், "ஐ ஹேவ் எ டவுட்" என்றிருக்கிறான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஓ... வாட்ஸ் த ப்ராப்ளம் வித் இட்?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் இவன் ஒரு யோசனை சொன்னான். "தட்ஸ் இன்ட்ரஸ்டிங். ஐயம் ஜஸ்ட் நாட் ஷ்யூர் இட் வுட் ஒர்க் ஃபார் அஸ்" என்றார் அவர். இவன் காதில் விழுந்தது 'இன்ட்ரஸ்டிங்' மட்டும். இரண்டு வாரம் ராத்திரி கண்முழித்து அதைச் செய்து அனுப்பினால், 'இதைத்தான் வேண்டாம்னு சொல்லியிருந்தோமே' என்கிற மாதிரி ஒரு பதில். மேனேஜர், "இனிமேல் மீட்டிங்ல நீ கேட்டுக்கிட்டு மட்டும் இரு" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தைதான் பையனை இப்படி முடக்கிப் போட்டிருந்தது.

டவுட் வேற, கேள்வி வேற

நம் வகுப்பறைகளில் கேள்விக்கு இன்னொரு பெயர் 'டவுட்'. "சார், ஒரு சந்தேகம்" என்போமே, அதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோய்விட்டோம். இந்தியா முழுக்க இது செல்லும். ஆனால், லண்டன்காரர் காதில் 'டவுட்' என்றால் நம்பிக்கையின்மை. 'உங்க திட்டம் தேறுமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு' என்று இவன் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்றிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

'ங்க' எங்கே போச்சு?

கொங்குத் தமிழில் மரியாதை பெரும்பாலும் வார்த்தையின் வாலில் இருக்கும். "நீங்க சொல்றது தப்புங்க" என்று ஒரு பெரியவரிடம் சொன்னால்கூட, அந்த 'நீங்க'வும் 'ங்க'வும் சேர்ந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். இதையே "யூ ஆர் ராங்" என்று மாற்றிப் பாருங்கள். இரண்டும் உதிர்ந்துவிட்டன. பேரனுக்கும் 'யூ'தான், தாத்தாவுக்கும் 'யூ'தான். மிச்சம் இருப்பது வெறும் அடி.

அப்படியானால் இங்கிலீஷில் மரியாதையே இல்லையா? இருக்கிறது. அதை வாக்கியத்தின் முன்னாலும் நடுவிலும் வைத்திருக்கிறார்கள். 'மைட்', 'வுட்', 'எ பிட்', 'கொய்ட்' எல்லாம் அவர்கள் ஊர் 'ங்க'.

மறுப்பை மூடிச் சொல்வது நமக்கும் புதிதா என்ன? பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் "ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்றால், அடுத்த ஜாதகத்தை எடுக்க வேண்டியதுதான் என்று நமக்குத் தெரியும். காட்டுக்கு விலை பேசும்போது "பார்க்கலாமுங்க" என்றால் விலை படியவில்லை. இந்தச் சூட்சுமம் தெரிந்த ஆளுக்கு லண்டன் இங்கிலீஷ் பெரிய விஷயமில்லை. பப்ஸ் வந்த பேப்பரிலேயே மாப்பிள்ளைக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

* "ஐயம் நாட் ஷ்யூர்": எனக்கென்னமோ அப்படித் தோணலீங்க. 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் எடுத்துக்கொண்டு ஏமாறாதீர்கள்.
* "ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்...": நீங்க சொல்றதும் சரிதானுங்க, ஆனா... விஷயம் 'பட்'டுக்குப் பிறகுதான்.
* "ஐ மே பி ராங், பட்...": தப்பாக்கூட இருக்கலாமுங்க. இப்படி ஆரம்பிப்பவர், தான் சொல்வது சரி என்று பெரும்பாலும் உறுதியாக இருப்பார்.
* "இட் டஸ்ன்ட் கொய்ட் ஆட் அப்": கணக்கு எங்கியோ இடிக்குதுங்க.
* "லெட் மீ திங்க் அபௌட் இட்": ரோசனை பண்ணிச் சொல்றனுங்க.
* "வித் ரெஸ்பெக்ட்...": உங்களுக்குத் தெரியாததில்லீங்க... பிரிட்டிஷ்காரர் வாயில் இது வந்தால், பின்னாலேயே பலமான மறுப்பு வருகிறது என்று அர்த்தம்.

இன்னொரு சின்ன விஷயம். "இது நடக்காதுன்னு நினைக்கிறேன்" என்பதை நாம் "ஐ திங்க் இட் வில் நாட் ஒர்க்" என்கிறோம். இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் கொஞ்சம் கறார். அவர்கள் மறுப்பை முன்னால் நகர்த்தி "ஐ டோன்ட் திங்க் இட் வில் ஒர்க்" என்பார்கள். 'நடக்கும்னு தோணலீங்க' என்று நாமும் சொல்வோமே, அதே பக்குவம்.

ரொம்ப மூடினாலும் ஆபத்து

1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி கேட்டார். "எ பிட் ஸ்டிக்கி, சார்" என்றார் பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி. பிரிட்டிஷ் காதுக்கு அது 'தலைக்கு மேல வெள்ளம்'. அமெரிக்கர் அதைக் 'கொஞ்சம் சிரமம், சமாளிச்சுக்குவாங்க' என்று புரிந்துகொண்டார் என்று சொல்வார்கள். பின்வாங்கும் உத்தரவு நேரத்துக்கு வரவில்லை. குளோஸ்டர் படையினரில் 500-க்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள்.

அதனால் மாப்பிள்ளைக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். மரியாதையாக ஆரம்பி. ஆனால் தேதி, பணம், ஆள் கணக்கு என்று வந்தால் எண்ணை உடைத்துச் சொல்லிவிடு. எதிராளி மூடிப் பேசினால், "ஸோ, ஷுட் வி ட்ராப் இட்?" என்று கேட்டு உறுதி செய்துகொள். அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டு வாரத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வேலை வேண்டும் என்று லண்டன்காரர் கேட்க, மீட்டிங்கில் யாரும் வாயைத் திறக்கவில்லையாம். இவன்தான் மெதுவாக, "ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட் ஃப்ரைடே மைட் பி எ பிட் டைட். வி நீட் டூ மோர் டேஸ். குட் வி ஸே டியூஸ்டே?" என்றிருக்கிறான்.

"என்ன சொன்னாரு?"

"'ஃபேர் இனஃப்'னாருங் மாமா. அப்படின்னா?"

"நியாயந்தான், சரின்னு அர்த்தம். சந்தோஷம் மாப்ள. ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வா, அத்தை உனக்காகப் பச்சப்பயிறு கடையறேங்கறா."

ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னான்: "பார்க்கலாமுங் மாமா."

வரமாட்டான் என்று புரிந்துவிட்டது.